உப்புக் காய்ச்சியவர்களின் நகரம்

(படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சரித்திரம் என்றால் ராஜாக்களின் பட்டியல் என்றே நமக்குச் சொல்லித் தந்தார்கள். உக்ரேனின் மேற்கே, கார்பாத்திய மலையடிவாரத்தில் ட்ரோஹோபிச் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அதன் நகரச் சின்னத்தில் இருப்பவை ஒன்பது உப்புக் கட்டிகள்! அங்கிருந்து தொடங்குவோம்.

அங்கே கடல் இல்லை. பாத்தி கட்டி வெயிலில் உப்பு விளைவிப்பதும் இல்லை. பூமிக்கடியிலுள்ள உவர்நீரைக் கிணற்றிலிருந்து இறைத்து, பெரிய சட்டிகளில் ஊற்றி, விறகுத் தீயில் காய்ச்சினார்கள். புகையிலும் ஆவியிலும் நின்று வெந்தவர்கள் வாழ்ந்த பகுதிக்கு ‘காய்ச்சுவோர்’ என்ற பொருளிலேயே ஸ்வாரிச் என்று பெயர். உப்பின் லாபமோ முதலில் போலந்து மன்னருக்கு. 1772-க்குப் பின் ஆஸ்திரியப் பேரரசுக்கு.

ஆனாலும் அந்தப் பகுதியில் நிற்கும் புனித ஜார்ஜ் மரக்கோயிலைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் நதீவ் என்ற கிராமத்திலிருந்து அதை உப்பு கொடுத்து வாங்கி வந்ததாக ஊரார் சொல்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. 1481-இல் இத்தாலியின் பொலோஞ்யா பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான யூரியும் இவ்வூர்க்காரர்தான்.

நம் மனத்துக்கு நெருங்கியவர் இவான் ஃபிராங்கோ. 1856-இல் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கொல்லருக்குப் பிறந்தார். ட்ரோஹோபிச்சில் படித்த நாளில் ஒரு தச்சுப் பட்டறையில் தங்கினார்; செய்து வைத்த சவப்பெட்டிகளில் படுத்துறங்கியதும் உண்டாம்! அப்போது அருகே போரிஸ்லாவில் எண்ணெய் வேட்டை. நிலமிழந்த குடியானவர்கள் கயிற்றில் தொங்கிக் குழிக்குள் இறங்கினார்கள். மேலிருந்து கையால் சுற்றும் காற்றாடிதான் அவர்களுக்கு மூச்சு. விஷவாயு தாக்கி இறந்தவர் பலர். 1877-இல் சோஷலிஸ்ட் என்று சிறையில் தள்ளப்பட்ட ஃபிராங்கோ, பிறகு அந்த எண்ணெய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தையே ‘போரிஸ்லாவ் சிரிக்கிறது’ என்ற நாவலாக எழுதினார்.

1911 ஜூன் 19 தேர்தல் நாள். மோசடி கண்டு கொதித்த ஜனங்கள்மீது படை சுட்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1941 ஜூனில் பின்வாங்கிய சோவியத் ரகசியப் போலீஸ் இந்நகரின் சிறையில் கைதிகளைக் கொன்றது. அவர்கள் போன இடத்துக்கு நாஜிகள் வந்தார்கள். நகரில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு யூதர்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவரை ப்ரோனிட்சா காட்டில் சுட்டுப் புதைத்தார்கள். பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியரும் எழுத்தாளருமான புரூனோ ஷுல்ஸ் 1942 நவம்பர் 19 அன்று நடுத்தெருவில் சுடப்பட்டார்.

1865-இல் கட்டி முடித்த யூதர் ஜெபாலயம் சோவியத் காலத்தில் கிடங்காகவும் மரச்சாமான் கடையாகவும் கிடந்தது. 2018-இல் பழுது பார்த்துத் திறந்தார்கள். ஒரு காலத்தில் அதை நிரப்பிய குடும்பங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன.