பொழுதோடு உண்ணும் அறமும் இன்றைய பணிச்சுமையும்

 

தமிழ்ச் சமணர் இல்லங்களைப் பற்றி அயலார் முதற்கண் கூறுவது, “அவர்கள் பொழுதோடு உண்பவர்கள்” என்பதே. இரவுண்ணாமை கொல்லாமையின் ஒரு கூறு. விளக்கொளியை நாடிவரும் சிற்றுயிர்கள் அடுப்பிலும் உண்கலத்திலும் விழுந்து மடியலாகாது என்னும் அருளுணர்வே அதன் வேர். அந்நோன்பு மற்றொரு நன்மையையும் ஓசையின்றிச் செய்து வந்தது. கதிரவன் சாயுமுன் வீட்டார் அனைவரையும் அது ஓரிடத்தில் அமர்த்தியது.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் உழவை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது இயல்பாகவே கைகூடிற்று. கழனி வேலை கதிரவனோடு தொடங்கிக் கதிரவனோடு முடிந்தது. உழைக்கும் பொழுதும் உண்ணும் பொழுதும் முரண்படவில்லை. இன்று நிலை வேறு. சென்னையில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 மணியளவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியளவிலும் கதிரவன் மறைகிறான். அலுவலகப் பணியோ ஆறு மணிக்குக் குறைந்து முடிவதில்லை. மின்தொடர் வண்டியிலும் பேருந்திலும் நெரிசலைக் கடந்து வீடு சேர எட்டு மணியாகிறது. வெளிநாட்டு நேரத்துக்கேற்பப் பணிபுரிவோர்க்கோ இரவே பகல்.

இதனால் ஒரே இல்லத்தில் மூன்று பந்திகள் நடைபெறுகின்றன. பாட்டியார் ஐந்து மணிக்குத் தனியே உண்டு எழுகிறார். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை பிஸ்கட்டும் வறுவலும் தின்று, தொலைக்காட்சிமுன் அமர்கிறது. ஒன்பது மணிக்குத் தாயார் தோசை வார்த்துத் தரும்போது அதற்குப் பசியில்லை. “இத்தனை களைப்பிலும் உனக்காகத்தானே செய்தேன்” என்று அவர் கடிந்துகொள்கிறார். தந்தையார் கைப்பேசியில் கண்பதித்தவாறே உண்கிறார். சில இல்லங்களில் அடுப்பே மூட்டப்படுவதில்லை. எந்த நீரில், எந்த எண்ணெயில் ஆக்கியது என்றறியாத உணவு பொட்டலமாக வாயிலுக்கு வருகிறது. எல்லோரும் உண்டாகிவிட்டது, ஆயினும் எவர்க்கும் நிறைவில்லை.

இதற்குத் தாய்மாரைக் குறை கூறுவது எளிது, ஆனால் நீதியாகாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்டிர் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டனர். அப்பணியில் ஈடுபட்ட ஆடவர் செலவிட்டது 97 நிமிடங்களே. நோன்பு குடும்பத்துக்குப் பொது. அதன் சுமை மட்டும் ஒருவர் தோளில் என்றால், அந்த நோன்பு நெடுநாள் நிலைக்காது.

துறவியர்க்கு ஆகாரதானம் அளிக்கும் முறையை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். உணவு தூயது என்று சொல்லுவது மட்டும் அங்கே போதாது. மனம் தூயது, சொல் தூயது, உடல் தூயது என்றும் இல்லறத்தார் உரைத்தபின்னரே முனிவர் கையேந்துவார். சினத்தோடும் பதற்றத்தோடும் இடும் உணவு தானமாகாது என்பது இதன் உட்பொருள். முனிவர்க்குப் பொருந்தும் இவ்விதி, பெற்ற பிள்ளைக்குப் பொருந்தாதா? கடுஞ்சொல்லோடு கலத்தில் விழும் நெய்த்தோசையைவிட, இன்சொல்லோடு இடும் தயிர்ச்சோறு பிள்ளையின் உள்ளத்தை நிறைக்கும்.

புறத்தவம் ஆறனுள் ஒன்று, பசியின் அளவுக்குச் சற்றுக் குறைய உண்பது. அதனைக் கடைப்பிடிக்க, உண்பவர்க்குத் தம் வயிற்றின் அளவு தெரிந்திருத்தல் வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டு உண்பவர், எப்போது நிறைந்தது என்பதையே அறியார். ஆகவே அளவறிந்து உண்பதற்கும், சுவையறிந்து மகிழ்வதற்கும் வேண்டுவது ஒன்றே: உணவின்மேல் கவனம்.

இனிச் செய்யத்தக்கவை சில. மாலையில் ஒன்றுகூட இயலாத குடும்பம், காலையுணவைக் குடும்ப உணவாக்கிக் கொள்ளலாம். சென்னையில் ஆண்டின் எந்த நாளிலும் ஏழு மணிக்குமுன் கதிரவன் உதித்துவிடுகிறான். அந்நேரத்தில் இருபது நிமிடம் அனைவரும் சேர்ந்து அமர்வது அரிதன்று. காலையிலேயே ஆக்கிய புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைக்கு உணவாகட்டும். பாட்டனாரும் பாட்டியாரும் உடன் அமரட்டும். பெற்றோர் அதனையே அடுக்குப்பாத்திரத்தில் கொண்டுசென்று, அலுவலகத்திலேயே பொழுதோடு உண்ணலாம். அவ்வாறு செய்தால், இரவு வீடு திரும்பும் தாயார் அடுக்களைக்குள் ஓட வேண்டுவதில்லை. அந்த நேரத்தில் குடும்பத்தார் கூடிப் பஞ்ச நமஸ்காரம் ஓதி, அன்றைய செய்திகளைப் பேசி மகிழலாம். உடன் உண்ண இயலாத நாளிலும் உடனிருக்க இயலும்.

விடுமுறை நாளிலும், அட்டமி, சதுர்த்தசி நாள்களில் இயன்றபோதும் அனைவரும் பொழுதோடு கூடி உண்ணுதல் நன்று. அன்று காய் நறுக்குவதும் பரிமாறுவதும் கலம் கழுவுவதும் தந்தையர்க்கும் மைந்தர்க்கும் உரியவை ஆகட்டும். தந்தை பரிமாறக் கண்டு வளரும் மகன், நாளை தன் இல்லத்தில் அதனைச் சொல்லாமலே செய்வான்.

முன்னோர் விட்டுச்சென்ற நோன்பு முதியோரின் தனிப்பந்தியாகச் சுருங்கிவிடலாகாது. பணி வாழ்வு நேரத்தை மாற்றியிருக்கலாம். பரிவை மாற்ற வேண்டுவதில்லை. இல்லந்தோறும் இன்சொல்லும் நல்லுணவும் ஒருங்கே அமைக!

வாழ்க அறம்!