அயலவன் என்ன செய்வான்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் 'ஆட்டக் கோட்பாடு'. இலக்கிய நிகழ்ச்சியில் கணிதத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். திருக்குறளில் 'வலியறிதல்' அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. செயலில் இறங்குமுன் தன் வலியோடு மாற்றான் வலியையும், இருவருக்கும் துணையாவோர் வலியையும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும் என்று அதன் முதற் குறளே கூறுகிறது. என் முடிவின் பயன் மற்றவன் என்ன செய்வான் என்பதிலும் தங்கியிருக்கிறது. இக்கோட்பாட்டின் அடித்தளம் அதுவே.

இதனைத் தனித் துறையாக வளர்த்தது, யோன் வொன் நொய்மனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் 1944 இல் வெளியிட்ட நூல். 1950 இல் ஜோன் நாஷ் 'சமநிலை' என்னும் கருத்தை வகுத்தார். மற்றவர்கள் தத்தம் போக்கை மாற்றாதிருக்க, ஒருவர் மட்டும் மாற்றிக்கொண்டால் அவருக்கு நன்மை இல்லை என்ற நிலைதான் அது. 1994 இல் அவருக்கும் வேறு இருவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. சமநிலை என்றதும் நல்ல நிலை என்று கொள்ளவேண்டாம். எல்லோருக்கும் கேடான நிலையும் அசையாமல் நிற்கக்கூடும்.

குளத்து நீரை எடுத்துக்கொள்வோம். மேட்டு வயற்காரன் இரவில் வாய்க்காலை வெட்டி ஒரு பங்கு கூடுதலாகப் பாய்ச்சினால் அவனுக்கு ஆதாயம். அயலவன் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அவன் கணக்கு அதுதான். எல்லோரும் அப்படியே கணக்குப் போட்டால் கடைவயல் காயும், வாய்க்காலும் பாழாகும். அறிஞர்கள் 'கைதிகளின் இக்கட்டு' என்பது இவ்வகையைத்தான். இங்கே நோய் ஆசை. அதற்கு மருந்தாக நம் முன்னோர் முறைவைத்து நீர் விட்டனர். மேற்பார்க்க வட்டவிதானையை அமர்த்தினர். நாளையும் அதே முகத்தில் விழிக்கவேண்டும் என்ற நினைவும் கைவெட்டியைத் தடுத்தது.

வேறொரு வகை இக்கட்டும் உண்டு. பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ 1755 இல் வெளியிட்ட நூலில் மான் வேட்டை ஒன்றைச் சொல்கிறார். பலர் சேர்ந்து நின்றால்தான் மான் அகப்படும். ஒருவன் தன் இடத்தை விட்டு முயலின் பின்னே ஓடினால் மற்றவர்க்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் மானையே விரும்புகிறார்கள். ஆயினும், 'அடுத்தவன் நிற்பானா?' என்ற ஐயம் முயலைத் துரத்தச் செய்கிறது. இங்கே நோய் ஆசையன்று, அச்சம்.

இந்த வேறுபாட்டை எனக்கு விளக்கமாக உணர்த்துவது திரியாய். திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளியைத் தாண்டி, புல்மோட்டை வீதியில் உள்ள பழைய வேளாண்மைக் கிராமம் அது. 1985 இல் அவ்வூர் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆண்டுகள் பல கழித்தே குடும்பங்கள் திரும்பின. ஊர் திரும்ப எல்லோருக்கும் மனம் இருந்தாலும், தனியே திரும்பும் ஒரு குடும்பத்தின் நிலை என்ன? சுற்றிலும் காடு பற்றிய தரிசு; நடுவே ஒற்றை வயல். பன்றியும் யானையும் பறவையும் அந்த ஒரு வயலுக்கே வரும். பரணில் காவல் மாற்ற ஆள் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இரவில் கூப்பிட்டால் கேட்க அயல் வீடும் இல்லை.

ஓர் எளிய கணக்கு. நான் வைக்கும் எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. அயலாரும் வந்தால் திரும்புவதன் பயன் நான்கு. இருந்த இடத்திலேயே இருந்தால் இரண்டு. தனியே திரும்பினால் சுழியம். அயலார் வருவார் என்ற நம்பிக்கை பாதிக்கு மேல் இருந்தாலே திரும்புவது அறிவு. தனியே திரும்புவது வெறும் சுழியமாக இல்லாமல் நான்கு பங்கு நட்டமானால் நம்பிக்கை முக்காலுக்கு மேல் வேண்டும். ஆபத்து ஏற ஏற, ஒருவர்மேல் ஒருவர் வைக்கவேண்டிய நம்பிக்கையும் ஏறுகிறது.

அதனால்தான், திரும்பத் தயங்கியவரை ஊர்ப்பற்று இல்லாதவர் என்று ஏசுவதை நான் ஏற்கமாட்டேன். ஊர்ப்பற்று நிரம்பியவரும் அந்தக் கணக்கில் தங்கிவிடலாம். வாய்க்காலை வெட்டுபவனுக்குக் கண்டிப்பு வேண்டும். அஞ்சி நிற்பவனுக்கு வேண்டியது உறுதி. ஒரே மருந்தை இரு நோய்க்கும் கொடுப்பதால் எத்தனையோ திட்டங்கள் கெடுகின்றன.

அந்த உறுதி எப்படிப் பிறக்கும்? போகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் பாருங்கள். விதைப்பு நாள் எல்லோர் முன்னும் குறிக்கப்படுகிறது. நாளை எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும், உமக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். காதோடு காதாகச் சொன்னால் இந்தப் பலம் வராது. ஊர் திரும்புவதும் அப்படித்தான். பத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் புறப்படுவதாக எல்லோரும் அறிய முடிவெடுத்தால், பதினோராவது குடும்பத்தின் கணக்கு மாறிவிடும். பள்ளிக்கூடக் கதவு திறப்பதும் பேருந்து ஓடுவதும், 'மற்றவர்களும் வருகிறார்கள்' என்று கண்ணுக்குத் தெரியும் சாட்சிகள்.

நேயர்களே, உங்கள் ஊரில் ஒரு பொதுக் காரியம் நின்றுபோனால், யார் கெட்டவன் என்று தேடுமுன் அது எவ்வகை இக்கட்டு என்று கேட்டுப் பாருங்கள். ஆசையா, அச்சமா? அச்சம் என்றால், முதலில் கூட்டத்தைக் கூட்டுங்கள்.