கசாயத்தைச் சோதித்த பேராசிரியை

(நூற்றாண்டு விழாவையொட்டிய ஒன்றுகூடலில், களுபோவில - வெள்ளவத்தைப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



களுபோவிலவில் இருக்கிற எங்களுக்குப் பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையும் அதிக தூரமில்லை. இருந்தும் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும், யாராவது ஒருவர் வந்து ஒரு கசாயத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். சிரித்து ஒதுக்குவோரும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடிப்போரும் உண்டு. அதை ஆய்வுகூடத்துக்கே எடுத்துச் சென்ற ஒரு பெண்மணியைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

பேராசிரியை ஐரா தப்ரூ ஓர் உயிர்இரசாயனவியலாளர். 1980களிலேயே, செங்கமாரிக்கு நம் நாட்டில் கொடுக்கப்படும் ஹீன் போவிட்டியா என்ற செடி ஈரலைக் காக்கிறதா என்று ஆராய்ந்தவர். பின்னர் களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் இருந்தபோது, சுதேச வைத்தியக் குடும்பம் ஒன்று புற்றுநோயாளருக்குக் கொடுத்துவந்த கசாயத்தைக் கையிலெடுத்தார். அதில் இருப்பவை மூன்றே சரக்குகள்: கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச் சக்கை வகையைச் சேர்ந்த ஒரு கிழங்கு. எங்கள் அம்மம்மாமார் அறியாத பொருள் ஒன்றுமில்லை.

ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்து, ஒரு பகுதிக்குக் கசாயத்தையும் கொடுத்தார்கள். கசாயம் பெற்ற எலிகளின் ஈரலில், புற்றாக மாறக்கூடிய ஆரம்ப மாற்றங்கள் குறைவாக இருந்தன. இது 2003இல் வெளியானது. தலைப்பிலேயே 'பூர்வாங்க ஆய்வு' என்று போட்டிருந்தார்கள். அந்த அடக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதோடு விடாமல், பல மாதங்கள் நீண்ட அடுத்த ஆய்வை 2006இல் வெளியிட்டார்கள்.

பிறகு மனிதக் கலங்கள். ஹெப்-ஜி-2 என்பது ஆர்ஜென்டீனச் சிறுவன் ஒருவனின் ஈரற் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இன்றும் வளர்க்கப்படும் கலவரிசை. கசாயம் பட்டதும் அந்தக் கலங்கள் தம்மைத் தாமே முடித்துக்கொள்ளும் திட்டமிட்ட இறப்புக்குப் போவதை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்பவியல் நிறுவகத்தில் அவரும் இளம் ஆய்வாளரும் காட்டினார்கள். புற்றுக்கலம் சாக மறுக்கும் கலம் என்பதால்தான் இது முக்கியமாகிறது.

அப்படியானால் குடிக்கலாமா என்று இப்போதே இரண்டு பேர் எங்கள் காதில் கேட்டுவிட்டார்கள்! எலியும் கண்ணாடித் தட்டில் வளரும் கலமும் மனிதரல்ல. மஹரகமவில் எழுதிக் கொடுத்த சிகிச்சையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க இந்த ஆய்வுகள் எவருக்கும் அனுமதி தரவில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போது கசாயத்தோடு ஆறு மாதத்தைப் போக்கிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பட்டிப்பூவின் கதையும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் இலை நீரிழிவுக்கு நல்லதென்று ஜமேக்காவிலிருந்து கனடாவுக்கு 1952இல் அனுப்பினார்கள். நோபிளும் பியரும் சோதித்தபோது சீனி குறையவில்லை. எலியின் வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அதைத் தொடர்ந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்தை 1958இல் அறிவித்தார்கள். அதே செடியின் இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டீன், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. வாசலில் நிற்கும் பட்டிப்பூ இலையை மென்றால் அந்த மருந்து கிடைக்காது, நஞ்சுதான் கிடைக்கும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைமாருக்கு ஒரு தகவல். மருத்துவபீடத்துக்கு ஒரு புள்ளி குறைந்தால் வீடே அழுகிறது. மேற்சொன்ன கொழும்பு நிறுவகத்தில் பட்டமேற்படிப்புக்கு விஞ்ஞானப் பட்டத்தோடும் போகலாம். குமாரதுங்க முனிதாச மாவத்தையில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே போனால் தூரமில்லை.