தொங்க விடாதீர்கள்!

(இளைஞர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கடையில் ஐந்நூறு ரூபாய்க்குச் சரக்கு கடன் கொடுத்தால்கூட நோட்டில் எழுதி வைக்கிறீர்கள். நல்லது. கடனை எழுதிக் கொள்ளச் சொல்வது திருக்குர்ஆனின் கட்டளைதான் (2:282). ஆனால் நம் வீட்டுப் பெண்ணைக் கணவன் மூன்று வருடமாகக் கைவிட்டிருக்கிறான் என்றால், அதற்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா?

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சகோதரி பள்ளிவாசலுக்கு மூன்று முறை என்னைத் தேடி வந்தார். கணவர் வெளிநாடு போனவர். முதல் ஆறு மாதம் பணம் அனுப்பினார். பிறகு பணமும் இல்லை, பேச்சும் இல்லை. தலாக் கொடுக்கவும் மாட்டார். குலாவுக்குச் சம்மதிக்கவும் மாட்டார். ஐந்து லட்சம் தந்தால் யோசிக்கிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னார். அந்தச் சகோதரியோ தையல் தைத்துப் பிள்ளையை வளர்க்கிறவர். இரண்டு முறையும் "ஸப்ர் செய்யம்மா" என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் கேட்டார்: "ஹஜ்ரத், ஸப்ரு எனக்கு மட்டும்தானா? அவருக்கு ஒரு கடமையும் இல்லையா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியை அந்தரத்தில் தொங்குகிறவளைப் போல விட்டுவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையை (4:129) எத்தனை மேடைகளில் ஓதியிருப்பேன்! துன்புறுத்துவதற்காகவே பிடித்து வைத்துக் கொள்வதை அல்லாஹ் தடுத்திருப்பதையும் (2:231) ஓதியிருக்கிறேன். ஓதிய நானே ஒரு பெண்ணைத் தொங்க விட்டேன்.

மூன்றாவது வாசல்

கணவன் கொடுப்பது தலாக். மனைவி கேட்டு, பெற்ற மஹரைத் திருப்பிக் கொடுத்துப் பிரிவது குலா. இந்த இரண்டோடு கதவு மூடிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. கணவன் மீது குற்றம் இருந்து, அவன் விடவும் மறுத்தால், நீதிபதியே திருமணத்தை முறிப்பது பஸ்க். இதுவும் நம் ஃபிக்ஹ் நூல்களில் உள்ளதுதான்.

நம் ஊர் காஜியார் முறித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. தனியார் ஷரீஅத் அமைப்புகள் தரும் குலாச் சான்றிதழ் செல்லாது, பெண்கள் குடும்பநல நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வெறும் ஜமாஅத் கடிதத்தோடு ஒரு பெண்ணை மறுமணத்துக்கு அனுப்பினால், நாளை அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் வில்லங்கம் வரும்.

"கோர்ட்டுக்குப் போவதா? அது நம் சட்டமா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வரலாறு தெரியாத பேச்சு இது! கணவனிடமிருந்து விடுபட வேறு வழியில்லாமல், பஞ்சாபில் முஸ்லிம் பெண்கள் மார்க்கத்தையே துறந்த கொடுமை நடந்தது. அதைக் கண்டு பதறிய மவ்லானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்கள் மாலிகி மத்ஹபின் சட்டங்களை எடுத்துத் தீர்வு எழுதினார்கள். அந்த அடிப்படையில் முஹம்மது அஹ்மது காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். அதுவே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். ஆலிம்களின் கவலையில் பிறந்த சட்டம் அது.

முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்ற ஆலிம்களின் கோரிக்கை அன்று ஏற்கப்படவில்லை. அதனால் மார்க்க ரீதியாக ஐயம் உள்ளவர்கள், தீர்ப்பு வந்தபின் ஆலிம்கள் குழு கூடி பஸ்க்கை உறுதி செய்யட்டும். அந்த ஐயத்தைக் காட்டி அவளை வாசலிலேயே மறிக்காதீர்கள்.

என்னென்ன காரணங்கள்?

அச்சட்டத்தின் 2-வது பிரிவைப் படியுங்கள். கணவன் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் போனால். இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டால். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றால். தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமையைச் செய்யாவிட்டால். கொடுமை செய்தால் மனைவி முறிவு கேட்கலாம். கொடுமை என்றால் அடி மட்டுமல்ல. அவள் சொத்தை விற்பதும், அவள் மார்க்கக் கடமையைத் தடுப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்து நீதமாக நடத்தாததும் கொடுமை என்றே சட்டம் சொல்கிறது. வேறு காரணங்களும் உண்டு; வக்கீலிடம் கேளுங்கள். மஹர் உரிமையை இச்சட்டம் பாதிக்காது என்று 5-வது பிரிவு சொல்கிறது. மஹர் பாக்கி இருந்தால் அது கணவன் மீதுள்ள கடன்!

வக்கீலிடம் போகும்போது

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எந்தப் பெண்ணும் இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீல் அமர்த்தித் தருவார்கள்.

நிக்காஹ் பதிவேட்டின் நகல், கடைசியாகப் பணம் வந்த தேதியைக் காட்டும் வங்கிப் புத்தகம், அனுப்பிய கடிதங்கள், அடிபட்டிருந்தால் மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு போங்கள். கணவன் காணாமல் போன வழக்கு என்றால் அவனுடைய வாரிசுகளின் பெயர், முகவரியையும் மனுவில் தர வேண்டும். அதில் தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதம் கழித்தே அது நடப்புக்கு வரும்.

ஒன்றை மட்டும் மறந்து விடாதீர்கள். வழக்கு பலமாக வேண்டும் என்று நடக்காத அடியை நடந்ததாக எழுதாதீர்கள். பொய்ச் சாட்சி பெரும்பாவம். இரண்டு வருடம் சோறு போடவில்லை என்பது உண்மையானால் அந்த ஒன்றே காரணமாகப் போதும். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் அகப்பட்டால், உண்மையையும் அது மூழ்கடித்துவிடும்.

சேர்த்து வைக்க முயல வேண்டாமா? கட்டாயம் வேண்டும். இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அனுப்பச் சொல்கிறது குர்ஆன் (4:35). ஆனால் அந்த முயற்சிக்குத் தேதி குறியுங்கள். வாய்தா மேல் வாய்தா போட்டு ஒரு பெண்ணின் இளமையைத் தின்னாதீர்கள்.

அந்தச் சகோதரியின் வழக்கில், பேச்சுவார்த்தைக்கு அழைத்தும் கணவர் வரவில்லை என்பதை ஜமாஅத் கடிதமாக எழுதிக் கொடுத்தோம். நானே கூண்டேறிச் சாட்சி சொன்னேன். தீர்ப்புக் கிடைத்தது. இத்தா முடிந்து, தையல் கடை வைத்துத் தலைநிமிர்ந்து வாழ்கிறார். நான் அவரைத் திருப்பி அனுப்பிய காலத்தை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் இப்படித் தொங்கிக் கொண்டிருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். தகப்பன் இல்லாதவளுக்குச் சட்ட உதவி அலுவலகத்தின் வழியைக் காட்டுங்கள். வணிகப் பெருமக்களே! வழக்கு நாளில் அவளுக்கு ஆகும் பயணச் செலவையும், அன்று இழக்கும் கூலியையும் நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் மனைவிக்குப் பணம் அனுப்புகிறானா என்று கேளுங்கள். முத்தவல்லிகளே! உண்மையை எழுதித் தரும்போது உங்கள் பேனா நடுங்க வேண்டாம்.

அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த துஆ நமக்கு எதிராக எழும் முன் விழித்துக் கொள்வோம். வல்ல ரஹ்மான் அதற்கு அருள் புரிவானாக! ஆமீன்.