உறங்காத சாரதியின் ஊதியம்

 

கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில் எமதூருக்கு வந்திருந்த ஒரு வாலிபர், லுஹர் தொழுகையின் பின்னர் என்னைத் தனியே அழைத்தார். வளைகுடா நாடொன்றின் எண்ணெய் வயலில் அவர் பவுசர் சாரதி. "மவ்லவி, எட்டு மணித்தியாலம் ஓய்வெடுத்ததாகப் பதிவேட்டில் கையொப்பம் வைத்துவிட்டு, அந்த நேரத்திலும் ஒரு ட்ரிப் ஓடினேன். மேற்பார்வையாளர்தான் அப்படி எழுதச் சொன்னார். அந்த ட்ரிப்புக்குக் கிடைத்த காசு ஹலாலா?" என்று கேட்டார்.

இலகுவான கேள்வி என்றே முதலில் எண்ணினேன். ஆனால் அவர் அங்கு எதை ஏற்றுகிறார், எங்கே இறக்குகிறார் என்பதைக்கூட நான் அறிந்திருக்கவில்லை. ஒரு தொழிலை அறியாமல் அதைச் செய்பவருக்குத் தீர்ப்புக் கூறுவது எம் போன்றவர்களிடம் காணப்படும் ஒரு குறைபாடு. எனவே அவரை அமர வைத்து, தொழிலைப் பற்றி முதலில் சொல்லும்படி கேட்டேன். அன்று அவரிடம் கேட்டவற்றையும் பின்னர் நான் தேடிப் படித்தவற்றையுமே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அவ்வொரு வருடத்தில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காகக் கடல் கடந்தனர். கனரக வாகன அனுமதிப்பத்திரம் உள்ள வாலிபர்கள் இருக்கும் வீடுகளுக்கு இது தூரத்து விடயமல்ல.

எண்ணெய் வயல் என்றதும் எண்ணெய் மட்டுமே பொங்கிப் பாய்வதாக நாம் நினைக்கிறோம். முதிர்ந்த கிணறுகளிலிருந்து மசகு எண்ணெயோடு உப்பு நீரும் மேலே வருகிறது. சில வயல்களில் எண்ணெயைவிடப் பன்மடங்கு நீரே வருகிறது. ஓமானின் தென்பகுதியில் நிம்ர் என்னுமிடத்தில், அந்நீரைச் சுத்திகரிப்பதற்காகவே பாலைவனத்தின் நடுவே பரந்த நாணற் பாத்திகளை அமைத்துள்ளனர். குழாய் போடப்படாத இடங்களில் பவுசர்தான் குழாயின் வேலையைச் செய்கிறது. துளையிடும் இடத்துக்கு நன்னீரும் சேற்றுக் கலவையும் கொண்டு செல்ல வேண்டும். அங்கிருந்து உப்பு நீரையும் கழிவையும் ஏற்றி வர வேண்டும். தொழிலாளர் முகாமின் மலசலகூடக் குழியையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். வெயிலைப் பற்றிக் கூறத் தேவையில்லை. 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவாகியது.

பாதி நிறைந்த பவுசர், முழுதாக நிறைந்த பவுசரைவிடப் பொல்லாதது என்றார் அவர். சாரதி தடுப்பை மிதித்தால் சில்லுகள் நிற்கும். உள்ளேயுள்ள திரவம் நிற்பதில்லை. அது முன்னோக்கி மோதி வண்டியைத் தள்ளும். வளைவில் ஒரு பக்கச் சுவரில் ஏறி வண்டியைச் சாய்க்கும். தாங்கியின் உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் இருந்தால் முன்பின் அசைவு குறையும். பக்க அசைவு குறையாது. அப்படியாயின் நிரப்பிக்கொண்டு போகலாமே என்று கேட்டேன். சிரித்தார். 20,000 லீற்றர் நன்னீரின் எடை 20 தொன். கரைக்கக்கூடிய அளவெல்லாம் உப்புக் கரைந்த நீராயின் சுமார் 24 தொன். சேற்றுக் கலவை அதனிலும் பாரமாகலாம். நிரப்பினால் எடை வரம்பை மீறும், நிரப்பாவிட்டால் உள்ளே அலையடிக்கும்.

அடுத்தது வாயு. சில கிணறுகளில் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு உண்டு. சிறிதளவில் அழுகிய முட்டை போல நாறும். பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் நுகரும் சக்தியே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று சாரதி ஆறுதலடையும் அந்த நேரமே ஆபத்தான நேரம். காற்றைவிடப் பாரமான அவ்வாயு பள்ளங்களில் தங்கும். விழுந்த நண்பனைத் தூக்க ஓடிச் சென்ற இரண்டாமவரும் அதே இடத்தில் விழுந்த சம்பவங்கள் பல. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை, சேமிப்புத் தாங்கியின் மூடியைத் திறந்து அளவெடுக்கும்போதோ மாதிரி எடுக்கும்போதோ குறைந்தது 9 எண்ணெய் வயல் தொழிலாளர்கள் மரணித்ததை அந்நாட்டு அரச ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. திறந்த மூடியிலிருந்து எழும் எண்ணெய் ஆவி ஒட்சிசனை விலக்கிவிடும். இதயத் துடிப்பையும் குழப்பும். "மாரடைப்பாம்" என்று வெளிநாட்டிலிருந்து வரும் செய்தியை நாம் எத்தனை முறை கேட்டு, கப்ரில் மண்ணிட்டு, காரணம் விசாரிக்காமல் வீடு திரும்பியிருக்கிறோம்!

மேற்பார்வையாளர் சொன்னார் என்ற விடயத்துக்கு வருகிறேன். 2013 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் நகரில், எண்ணெய் வயற் கழிவுத் திரவத்தை இரவில் மழைநீர் வடிகாலுக்குள் திறந்துவிட்டனர். அது மஹோனிங் ஆற்றின் கிளையைச் சென்றடைந்தது. ஏவிய முதலாளிக்கு 2014இல் 28 மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஏவப்பட்டு அதைச் செய்த ஊழியரும் குற்றவாளியாகவே நீதிமன்றத்தில் நின்றார். சொன்னதைத்தான் செய்தேன் என்பது அவரை முற்றாகக் காப்பாற்றவில்லை. மார்க்கத்திலும் கையொப்பம் இட்ட கைதான் பதில் சொல்ல வேண்டும். அவ்வாலிபரிடம் நான் கூறியது இதுதான்: நீர் ஓட்டியது உண்மை, எனவே அந்த உழைப்புக்கான கூலி உமக்குரியது. ஓய்வெடுத்தேன் என எழுதியது பொய். பாதையில் எதிரே வந்தவர்களின் உயிரைப் பணயம் வைத்தது அதைவிடப் பெரிது. தவ்பாச் செய்யும், இனி எழுதாதீர்.

ஏன் பெரிது என்கிறேன்? 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்குவதாக 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வாழ்நாளில் மதுவைத் தொடாத ஒரு முஸ்லிம் வாலிபர், சுபஹுக்கு எழுந்து இரவு பதினொரு மணிக்கும் பவுசரைச் செலுத்திக்கொண்டிருந்தால், குடித்தவரின் கண்ணோடும் கையோடும் செலுத்துகிறார். இதைக் கேட்டதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மவ்லவி, அந்த ட்ரிப்பை நான் ஏன் ஓடினேன் என்று நீங்கள் கேட்கவில்லையே?" என்றார்.

கேட்டேன். தங்கையின் திருமணத்துக்காக வீட்டுக்கு மேல்மாடி போட வேண்டும். கொங்கிறீட் போட நாள் குறித்தாயிற்று என்று வாப்பா தினமும் தொலைபேசியில் அழைத்தாராம். பெரும்பாலும் அவர் பவுசரைச் செலுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில்.

பெற்றோர்களே, இவ்விடத்தில் என் பேச்சு உங்களை நோக்கியது. மகன் செலுத்தும்போது அழைப்பது மட்டுமன்றி, மேலதிகச் சுற்றுக்கான பணத்தைக் கணக்கிட்டுக் கடன்படுவதும் அவருடைய உறக்கத்தை விற்று வீடு கட்டுவதே. புறப்படும் வாலிபர்களே, முகவரிடம் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தத் திரவம், தினமும் எத்தனை மணித்தியாலம், வாயு அளக்கும் கருவியை யார் தருவது என்றும் கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் செல்லாதீர்கள். பயணத்தில் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழ ஷாபிஈ மத்ஹபில் அதற்குரிய தூரத்துக்கு அனுமதியுண்டு. நேரம் தவறுகிறதே என்று வேகத்தைக் கூட்ட அவசியமில்லை. கையில் எண்ணெய்ப் படை இருந்தால் வுளூவுக்கு முன்னர் அதைக் கழுவி அகற்றுங்கள், அது நீரைத் தோலில் படவிடாது.

அன்று மாலை அவருடைய வாப்பாவையும் சந்தித்தேன். முதலில் கோபப்பட்டார். "வருமானத்தை நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்றார். அந்தப் பதினேழு மணித்தியாலக் கணக்கைச் சொன்னேன். தான் இளமையில் இரவில் லொறி ஓட்டி, தெருவோர மதகில் மோதி நின்ற கதையைத் தாமாகவே சொன்னார். அதை மகனிடம் ஒருபோதும் சொன்னதில்லையாம். திருமணம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின்னர் கீழ்மாடியிலேயே நடைபெற்றது. மேல்மாடிக்கான கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன.