முலாம் பூசிய பழைய பதக்கம்



1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபோது வந்த நினைவுப் பதக்கங்களில் தங்கமுலாம் பூசியவையும் உண்டு. பாட்டன் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ நகைக்கடைக்குப் போகுமுன் நாமே சோதிக்கலாம்.

மன்னரின் கன்னம், தலைமுடி போன்ற மேடான இடங்களில்தான் முலாம் முதலில் தேயும். அங்கே சிவப்புத் தெரிந்தால் அடியில் செம்பு. வெண்மை தெரிந்தால் வெள்ளியாக இருக்கலாம். மேடு தேய்ந்தும் பொன்னிறம் குறையவில்லையா? ஆழமான கீறலுக்குள்ளும் மினுங்குகிறதா? பின்னாளில் மறுமுலாம் பூசியிருக்கலாம். எழுத்து மழுங்கி, ஊசித்துளைகளும் விளிம்பில் ஒட்டுக்கோடும் இருந்தால் வார்த்தெடுத்த நகலாக இருக்கலாம்.

புளி போட்டுத் துலக்கவேண்டாம். உரைகல்லில் உரசவும் விடவேண்டாம். போன முலாம் திரும்பாது. எடைக்குக் கிடைப்பது சொற்பமே. அதன் மதிப்பு பழமையில் இருக்கிறது. அவசரப்பட்டு விற்றுவிடாமல், துணியில் சுற்றி, ஈரம்படாமல் வைப்போம்.