எங்கே போகலாம்?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுதல் முறையோ என நண்பர் சிலர் வினவினர். முறையே என்பது எம் துணிபு. கரக்பூரில் வாழும் நாம் வீட்டிற்குள் தமிழும் கடைத்தெருவில் இந்தியும் வங்காளமும் பேசிக் காலம் கழிக்கின்றோம். ஆனால் வெளியூர்ப் பயணம் என்று புறப்பட்டுவிட்டால், விடுதிக்காரரிடமும் வண்டியில் எதிரே அமர்ந்திருப்பவரிடமும் பேசப் பெரும்பாலும் ஆங்கிலமே கைகொடுக்கின்றது. பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளியை விட்ட யாம் இலக்கணம் கற்பிக்க வரவில்லை. இரயில்வே விசாரணைச் சாளரத்தின் பின்னே அமர்ந்து பல்லாண்டுகளாகச் செவியுற்றவற்றையே சொல்ல வந்துள்ளோம்.

நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் பாஸ் கிடைத்தும், சொந்த ஊரைத் தவிர வேறெங்கும் சென்றறியாத குடும்பங்கள் பல உண்டு. காரணம் பணம் மட்டும் அன்று. 'அங்கே எங்குத் தங்குவது, எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது?' என்னும் மலைப்பே பெருங்காரணம். தாய்மார்களோ, தம் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிறர் நகைப்பரோ என்று வாய் திறவாமலே இருந்துவிடுகின்றனர். தமிழில் நாம் எவ்வளவு நயமாகக் கேட்கின்றோம், எவ்வளவு கருத்தாகச் சொல்கின்றோம்! அந்த நயத்தையும் கருத்தையும் ஆங்கிலம் பேசும்பொழுது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் குறை.

'ஒரு நல்ல ஓட்டல் சொல்லுங்கள்' என்கின்றோம். அந்த 'ங்கள்' என்னும் சிறு விகுதி முழு மரியாதையையும் சுமக்கின்றது. ஆங்கிலத்தில் அவ்விகுதி இல்லை. ஆகவே 'டெல் மீ எ குட் ஹோட்டல்' என்றால், 'சொல்' என்று ஏவியது போலவே கேட்பவர் காதில் விழும். 'ப்ளீஸ்' சேர்த்தாலும் ஏவல் ஏவலே. 'குட் யூ ரெக்கமெண்ட் எ குட் ஹோட்டல்?' என்று கேட்க வேண்டும். இதில் முன்னே வரும் 'குட்' வேறு, பின்னே வரும் 'குட்' வேறு. இரண்டும் ஒன்றாய்த் தோன்றுவது நம் எழுத்தின் குறும்பு! முன்னது 'கேன்' என்பதன் பணிவான வடிவம். ஆங்கிலத்தின் 'ங்கள்' அதுவே என்று மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

'சஜஸ்ட் மீ எ ஹோட்டல்' என்னும் தொடரை நாள்தோறும் கேட்கின்றோம். 'எனக்குச் சொல்லுங்கள்' என்பதில் உள்ள 'எனக்கு' அங்கே 'மீ' ஆகி நுழைந்துவிட்டது. அது வேண்டா. 'குட் யூ சஜஸ்ட் எ ஹோட்டல்?' என்பதே செம்மை. 'ரெக்கமெண்ட் மீ' என்று அத்துடன் நிறுத்திவிட்டாலோ, பதவி உயர்வுக்குப் பரிந்துரை செய்யுமாறு மேலதிகாரியிடம் விண்ணப்பித்தது போல் ஆகிவிடும்!

கேட்பவர் தம் நிலையையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். 'ஐ ஆம் டிராவலிங் வித் மை மதர். ஷி கெனாட் கிளைம்ப் மெனி ஸ்டெப்ஸ்.' இவ்விரு தொடர்களைக் கேட்டவர் மாடியறை உள்ள விடுதியைச் சொல்லமாட்டார். கைபேசி இருக்க வாய் எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். கைபேசி தொலைவு சொல்லும். விடுதிக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் சொல்லும். மாமியாரின் முழங்கால் வலி அதற்குத் தெரியாது.

பாலசோருக்கு அருகில் உள்ள சாந்திப்பூர்க் கடற்கரையை நோக்குவோம். அங்கே கடல் நாள்தோறும் இருமுறை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வரை பின்வாங்கிச் சென்று, பின்னர் மீண்டு வருகின்றது. 'இஸ் சாந்திப்பூர் வொர்த் விசிட்டிங்?' என்று ஒருவர் கேட்கின்றார். 'யெஸ், வெரி நைஸ்' என்று மற்றவர் விடையிறுக்கின்றார். இரண்டும் பிழையற்ற ஆங்கிலமே. ஆயினும் கடல் உள்வாங்கிய வேளையில் போய் இறங்கிய குடும்பம், 'கடல் எங்கே?' என்று ஈர மணலைப் பார்த்துத் திகைத்து நிற்கும். அதனினும் கொடிது, நீர் திரும்பும் நேரம் அறியாமல் குழந்தைகளைக் கைப்பிடித்து நெடுந்தொலைவு உள்ளே நடந்துவிடுதல். ஆகவே 'வென் டஸ் த டைட் கம் இன்?' என்று கேட்டேயாக வேண்டும். கேட்பவர் மறந்தாலும், சொல்பவர் அதைச் சொல்லாமல் விடலாகாது. கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்கள் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதும் இத்தகைய செய்தியே.

இனி, சொல்பவர் பக்கம் வருவோம். இங்கேதான் நம் பொறுப்பு மிகுதி. நம் சொல்லை நம்பி ஒருவர் விடுப்பு எடுக்கின்றார், பணம் கட்டுகின்றார். 'கோனாரக் கோயில் மிக அழகாய் இருக்குமாம். இரயிலிலேயே போகலாமாம்' என்று தமிழில் சொன்னால், அந்த 'ஆம்' காப்பாற்றுகின்றது. சொல்பவர் நேரில் கண்டதன்று, கேள்விப்பட்டது என்று கேட்பவர்க்கு விளங்கிவிடுகின்றது. அதையே 'இட் ஈஸ் வெரி பியூட்டிஃபுல், யூ கேன் கோ பை ட்ரெயின்' என்று ஆங்கிலமாக்கும்பொழுது 'ஆம்' உதிர்ந்துபோகின்றது. கேள்விச் செய்தி கண்கண்ட சாட்சியாக மாறிவிடுகின்றது! கோனாரக்கில் இரயில் நிலையம் இல்லை. பூரியிலோ புவனேசுவரத்திலோ இறங்கிச் சாலை வழியே செல்லுதல் வேண்டும். பூரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஆகவே 'ஐ ஹேவ் நாட் பீன் தேர் மைசெல்ஃப், பட் ஐ ஹேவ் ஹெர்ட் இட் ஈஸ் பியூட்டிஃபுல்' என்று சொல்லப் பழகுவோம். சற்று நீளந்தான், ஆனால் அத்தனையும் சேர்ந்துதான் நம் ஒற்றை 'ஆம்'.

'போகலாம்' என்பதை 'யூ கேன் கோ' என்று மாற்றுவதும் சரிப்படவில்லை. அது அனுமதி வழங்குவது போல் ஒலிக்கின்றது, போகத் தூண்டுவதில்லை. 'இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் டேக் த மார்னிங் ட்ரெயின்' என்பது இனிய வழக்கு. 'நானாக இருந்தால் காலை வண்டியில் போவேன்' என்று நாமும் சொல்வதுண்டு அல்லவா? 'யூ ஹாட் பெட்டர்' என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கேளாவிட்டால் கேடு வரும் என்னும் மிரட்டல் அதில் ஒளிந்திருக்கின்றது. வேண்டா என்று சொல்ல நேர்ந்தால், 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று மழுப்பாமல், 'ஐ வுட் நாட் ரெக்கமெண்ட் இட் வித் ஸ்மால் சில்ட்ரன்' என்று காரணத்தோடு சொல்லுவது உதவியாகும்.

நம் ஊருக்கு வருவோர் 'வாட் ஈஸ் தேர் டு சீ ஹியர்?' என்று எம்மைக் கேட்பர். 'த லாங்கஸ்ட் பிளாட்ஃபாரம் இன் த வர்ல்ட்' என்று இன்றும் நம்மவர் சிலர் பெருமையுடன் விடை தருகின்றனர். 1072.5 மீட்டர் நீளமுள்ள நம் மேடை ஒரு காலத்தில் அப்பெருமைக்கு உரியதே. 2013இல் கோரக்பூரும், 2023இல் 1507 மீட்டர் நீளத்துடன் ஹுப்பள்ளியும் அதனை விஞ்சிவிட்டன. 'இட் யூஸ்ட் டு பி' என்று சேர்த்துச் சொல்வதில் நமக்கு இழுக்கில்லை. அத்துடன் ஹிஜ்லிக்கும் அனுப்புங்கள். 1931 செப்டம்பர் 16இல் அங்கிருந்த தடுப்புக் காவல் முகாமில், சிறைப்பட்டிருந்த விடுதலை வீரர் இருவர் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1951இல் அக்கட்டடத்திலேதான் ஐ.ஐ.டி. தொடங்கிற்று. 'இட் ஈஸ் வொர்த் சீயிங்' என்று அதைச் சொல்லலாம். 'வொர்த் டு சீ' அன்று, 'வொர்த் சீயிங்', மாணவர்கள் குறித்துக்கொள்க.

தலைவர் அவர்கள் கடிகாரத்தை நோக்குகின்றார்கள். சிறுவர் நாடகமும் காத்திருக்கின்றது. பூசை விடுமுறைக்குப் புறப்பட எண்ணுவோர்க்கு ஒரு சொல். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கின்றது. முன்போல் 120 நாட்கள் இல்லை. கேட்க வேண்டியவற்றை அதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாளரத்தில் யாம் இருக்கும்பொழுது வந்தால், தமிழிலேயே கேட்கலாம்.